வண்டிக்குக் கட்டிய வீடு: சிறு நகரத் தீயணைப்பு நிலையங்கள் உருமாறிய கதை

பழைய நிலையம் வைத்திருக்கும் ஊரில் புதிதாகத் தீயணைப்பு வண்டி வாங்குவதென்றால், விலை கேட்பதற்கு முன்பே யாராவது ஒருவர் டேப்போடு போய் நிலையத்தின் வாசலை அளந்துவிட்டு வருவார். அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, மேலே ஷட்டர் சுருண்டு நிற்கும் இடம் போக மிச்சம் எவ்வளவு என்று குறித்துக்கொள்வார். குதிரைக் காலத்தில் கட்டிய வாசல் பெரும்பாலும் 9 அல்லது 10 அடி அகலம்தான் இருக்கும். இன்றைய வண்டி, பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 8 அடியைத் தாண்டிவிடும். அதனால்தான் புதிதாகக் கட்டும் நிலையங்களில் 14 அடி வாசல் வைக்கிறார்கள். பழைய கட்டிடத்தை விடமுடியாத ஊர்களோ வாசலுக்கு ஏற்றபடி வண்டியைக் குறுக்கிச் செய்து வாங்குகின்றன. தீயணைப்பு வண்டி சுமார் 20 வருஷம் ஓடும், கட்டிடம் 100 வருஷம் நிற்கும். இந்தக் கணக்கு ஒருபோதும் ஒத்துப்போனதில்லை.

பல நாடுகளில் ஓரளவு பழைய சிறு நகரம் ஒன்றை எடுத்துக்கொண்டால், அடுத்தடுத்துக் கட்டிய மூன்று நிலையங்கள் அங்கே கிடைக்கும். முதலாவது தேவாலயத்தையோ நகரசபையையோ ஒட்டிய ஒரு சின்னக் கொட்டகை. இரண்டாவது கடைத்தெருவில் மாடியும் கோபுரமுமாக நிற்கும் செங்கல் கட்டிடம், இப்போது அநேகமாக அருங்காட்சியகமாகவோ உணவகமாகவோ ஆகியிருக்கும். மூன்றாவது புறவழிச்சாலைப் பக்கம் கிடங்கைப் போல அகலமாகப் படுத்திருப்பது. இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் ஒரே ஒரு கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் எழுதியிருப்பது தெரியும். வண்டியும் ஆளும் ஒரே கூரையின் கீழ் எவ்வளவு நெருக்கமாக இருக்கலாம் என்பதுதான் அந்தக் கேள்வி.

உண்மையில் முதல் தீயணைப்பு நிலையங்களில் இயந்திரத்துக்கு முக்கியத்துவமே இல்லை. கி.பி. 6-இல் பேரரசர் அகஸ்டஸ் ரோமில் ‘விஜிலஸ்’ என்ற இரவுக் காவல் படையை அமைத்தார். 14 வட்டாரங்களாகப் பிரிந்திருந்த நகரத்துக்கு 7 பிரிவுகள். அவர்களுடைய கருவிகள் வாளி, கோடரி, கொக்கி, கைப்பம்ப் போன்றவைதான். பெரிய தேவை ஆட்கள் தூங்கவும் காத்திருக்கவும் இடம். ரோமின் துறைமுக ஊரான ஓஸ்தியாவில் இந்தப் படை தங்கியிருந்த கட்டிடத்தின் அடித்தளம் இன்றும் கிடக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், ஒரு பக்கம் பேரரசர்களுக்கான வழிபாட்டு இடம். பார்த்தால் முகாம் மாதிரிதான் இருக்கும். ரோமிலேயே, டைபர் ஆற்றுக்கு மறுபக்கம் 19-ஆம் நூற்றாண்டில் தோண்டியெடுத்த ஒரு காவல் நிலையத்தின் சுவரில் அங்கே வேலை பார்த்தவர்கள் கிறுக்கிவைத்தவை நிறைய இருந்தன. அதில் ஒன்று: ‘களைத்துவிட்டேன், மாற்றாள் அனுப்புங்கள்.’ இரவுப் பணி பார்த்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

அந்தப் பேரரசோடு அந்த ஏற்பாடும் போய்விட்டது. ஐரோப்பாவில் மறுபடி தீயணைப்புக்கென்று ஒரு கட்டிடம் தோன்றியபோது அதில் ஆட்களுக்கு இடமே இல்லை. பம்ப் மட்டும்தான் உள்ளே இருந்தது. 1666-இல் லண்டன் எரிந்ததற்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்கென்று தீயணைப்புக் குழுக்களை வைத்துக்கொண்டன. 1708-இல் வந்த சட்டம் லண்டனின் ஒவ்வொரு திருச்சபைப் பகுதியும் பெரிய பம்ப் ஒன்றும் சிறிய பம்ப் ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்றது. எங்கே வைப்பது? ஊருக்குப் பொதுவான கட்டிடம் தேவாலயம்தான். அதன் உள்ளேயோ வளாகத்தின் ஓரத்திலோ ஒரு கொட்டகை போட்டு நிறுத்திவிட்டார்கள். தோல் வாளிகளைச் சுவரில் மாட்டினார்கள். பம்பை இழுக்கும் ஆள் தன் வீட்டில் தூங்கினான். மணி அடித்தால் ஓடிவருவான். ஆக, நிலையம் என்பது பூட்டும் சாவியும் உள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

ஜெர்மன் மொழி இதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது. கிராமங்களில் பழைய தீயணைப்புக் கொட்டகைக்குப் பெயர் ‘ஷ்ப்ரிட்ஸன்ஹவுஸ்’, அதாவது பம்ப் வீடு. (பூட்டக்கூடிய பொதுக் கட்டிடம் ஊரில் அது ஒன்றுதான் என்பதால், குடித்துவிட்டுத் தகராறு செய்தவனை இரவு அடைத்துவைத்ததும் பல ஊர்களில் அங்கேதான்.) இன்றைக்கும் தன்னார்வலர்கள் நடத்தும் நிலையத்தைக் ‘கெரேட்டஹவுஸ்’, கருவி வீடு என்பார்கள். சம்பளத்துக்கு ஆட்கள் இருபத்துநாலு மணி நேரமும் காத்திருக்கும் பெரிய நகர நிலையத்துக்குத்தான் ‘ஃபாயர்வாக்ஹ’, தீக்காவல் என்று பெயர். கருவி இருக்குமிடம் வேறு, ஆள் காத்திருக்குமிடம் வேறு என்பது பெயரிலேயே இருக்கிறது.

இந்த வித்தியாசம் சிறு நகரங்களுக்கு ரொம்ப முக்கியம். தன்னார்வலர்களை நம்பும் ஊரில் நிலையம் எங்கே இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தது, தீப்பிடிக்கும் இடத்தைவிட, ஆட்கள் வேலை பார்க்கும் இடம். கடைக்காரர், தச்சர், கொல்லர் எல்லோரும் கடைத்தெருவில் இருந்தார்கள். அதனால் நிலையமும் கடைத்தெருவில், நகரசபையின் கீழ்த்தளத்தில். அமெரிக்கச் சிற்றூர்களில் மேலே நகரசபைக் கூடம், கீழே தீயணைப்பு வண்டி என்று ஒரே கட்டிடத்தில் இரண்டையும் அடக்கியது மிகச் சாதாரணம். 1930-களில் மத்திய அரசின் வேலைவாய்ப்புத் திட்டப் பணத்தில்கூட அந்த மாதிரிக் கட்டிடங்கள் எழுந்தன. தன்னார்வலர்களின் வேலை ஊருக்கு வெளியே போனதும் அந்தக் கணக்கு குலைந்தது. இப்போது சிறு நகரத்தில் புது நிலையம் கட்டுகிறவர்கள் வண்டி நிறுத்துமிடத்துக்கு இணையாக யோசிப்பது, ஓடிவரும் பத்துப் பேரின் கார்களை எங்கே நிறுத்துவது, வெளியே கிளம்பும் தீயணைப்பு வண்டியோடு அவை மோதாமல் எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்பதைத்தான்.

சரி, கோபுரத்துக்கு வருவோம். தீயணைப்பு நிலையம் என்றதும் பலருக்கு மனதில் வருவது அதுதான், ஆனால் அது எதற்கு என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லோரும் சொல்வது சரிதான், ஏனென்றால் கோபுரத்தின் வேலை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதல் வேலை பார்ப்பது. ரஷ்யாவின் மாகாண நகரமான கொஸ்த்ரோமாவில் 1820-களில் கட்டிய தீக்கோபுரம் நகரின் நடுச் சதுக்கத்தில் இன்றும் நிற்கிறது. முகப்பில் கிரேக்கக் கோயிலைப் போலத் தூண்கள், அதற்குப் பின்னால் கலங்கரை விளக்கம் மாதிரி உயரும் கோபுரம். இப்படிப்பட்ட ரஷ்யக் கோபுரங்களின் உச்சியில் காவலாளி நடந்துகொண்டே இருப்பான். எந்த வட்டாரத்தில் தீ, எவ்வளவு பெரிது என்பதைப் பகலில் பந்துகளை ஏற்றியும் இரவில் விளக்குகளை ஏற்றியும் காட்டுவார்கள். ஜப்பானிய ஊர்களில் இதே வேலையை ‘ஹினோமி யகுரா’ என்ற மரக் கோபுரங்கள் செய்தன, உச்சியில் ஒரு மணியோடு.

1852-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் தெருமுனைப் பெட்டிகளிலிருந்து தந்திவழியே தீ எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியது. மேலே நின்று புகையைத் தேடும் ஆளின் வேலை அன்றைக்கே ஆட்டம் கண்டுவிட்டது. நியாயமாகக் கோபுரங்கள் அத்தோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை, காரணம் ஹோஸ், அதாவது தண்ணீர் பாய்ச்சும் வளையும் குழாய்.

1670-களில் ஆம்ஸ்டர்டாமில் ஓவியர் யான் வான் டெர் ஹைடன் தோல் ஹோஸைப் பம்போடு இணைத்தபோது தீயணைப்பே மாறியது. அதற்கு முன் பம்பைத் தீக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி வெளியிலிருந்து பீய்ச்சவேண்டும். ஹோஸ் வந்ததும் தண்ணீரைக் கட்டிடத்துக்குள்ளேயே கொண்டுபோகலாம். ஆனால் தோலுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிக்காவிட்டால் வெடித்துவிடும். அப்புறம் வந்த சணல், பருத்தித் துணி ஹோஸ்களுக்கு வேறு தொல்லை. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து மக்கிவிடும். அடுத்த தீயில் அழுத்தம் ஏறும்போது நடுவில் கிழியும். எனவே ஒவ்வொரு தீக்கும் பிறகு ஹோஸைக் கழுவிக் காயவைத்தாகவேண்டும். மழைக்காலத்தில் தரையில் விரித்தால் காயாது. தொங்கவிட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் வடிந்துவிடும், காற்றும் படும். அமெரிக்காவில் ஒரு துண்டின் வழக்கமான நீளம் 50 அடி. முழுசாகத் தொங்கவிட அதற்கும் மேல் உயரமான கோபுரம் வேண்டும், நடுவில் மடித்து மாட்டினால் பாதி போதும். பழைய நிலையக் கோபுரத்தின் உயரத்தைப் பார்த்தாலே அந்த ஊர்க்காரர்கள் ஹோஸை எப்படி மாட்டினார்கள் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

கட்டியவர்கள் இதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டார்கள் போலிருக்கிறது. துணி காயப்போடும் கொடிக்கு இத்தாலிய மணிக்கூண்டு வேஷம் போட்டுவிட்டார்கள். மேலே வளைவுகள், சுவர் உச்சியில் வெளியே நீட்டிய அலங்கார விளிம்பு, சில ஊர்களில் கடிகாரம்கூட. கிட்டப் போய்ப் பார்த்தால் ரகசியம் தெரிந்துவிடும். காற்றோட்டத்துக்குச் சாய்சட்டம் வைத்த திறப்புகள், உள்ளே மேலேயிருந்து தொங்கும் கப்பியும் கொக்கி வரிசையும், தரையில் தண்ணீர் ஓடச் சரிவும் சாக்கடையும்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் செயற்கை இழை ஹோஸ்கள் வந்தன. அவை எளிதில் மக்காது, சூடான காற்று அடிக்கும் அலமாரியிலேயே காயவைக்கலாம். கோபுரத்தின் இரண்டாவது வேலையும் போயிற்று. பயிற்சிக்கு ஏணி ஏறவும், சைரன் மாட்டவும், அப்புறம் ஆன்டெனா வைக்கவும் அது நின்றது. ஜப்பானில் மட்டும் ஒரு வேடிக்கை. காவல் பார்க்கும் தேவை போன பின்பும் சிற்றூர்களின் இரும்பு ஹினோமி யகுராக்களில் தீயணைப்புத் தன்னார்வலர்கள் ஹோஸைத் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். ஐரோப்பியக் கோபுரம் அலங்காரத்துக்குள் மறைத்ததை இது திறந்தவெளியில் காட்டுகிறது.

இப்போது கடைத்தெருச் செங்கல் கட்டிடத்துக்குள் போகலாம், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அங்கேதான். 1829-இல் லண்டனில் பிரெய்த்வெயிட், எரிக்சன் என்ற இரண்டு பொறியாளர்கள் நீராவியால் இயங்கும் தீயணைப்புப் பம்பைச் செய்துகாட்டினார்கள். அதைப் பெரிய அளவில் நம்பி எடுத்துக்கொண்ட முதல் நகரம் அமெரிக்காவின் சின்சினாட்டி, 1853-இல். அதே வருஷம் அங்கே தன்னார்வலர்களை விட்டுவிட்டுச் சம்பள ஆட்களை அமர்த்தினார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது தற்செயல் இல்லை. கைப்பம்பை அடிக்க முப்பது நாற்பது பேர் வேண்டும். நீராவிக்குச் சில பேர் போதும், ஆனால் அவர்கள் எப்போதும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். 3, 4 டன் கனக்கும் வண்டியை மனிதர்கள் இழுத்து ஓடமுடியாது, குதிரை வேண்டும். ஆக ஒரே அடியில் இயந்திரம், குதிரை, ஆள் மூன்றும் ஒரே வீட்டுக்குக் குடிவந்தன.

அந்த வீட்டின் அமைப்பு முழுக்க நொடிக்கணக்கு. முன்னால் தெருவைப் பார்த்து நீராவி வண்டி. அதன் கொதிகலன் ஆறிப்போகாமல் இருக்க, தரைக்குக் கீழே உள்ள அடுப்பிலிருந்து வெந்நீர்க் குழாய் தரை வழியாக வந்து வண்டியோடு சேரும். வண்டி நகர்ந்ததும் இணைப்பு தானாகக் கழன்றுகொள்ளும். வண்டிக்குப் பின்னாலோ பக்கத்திலோ லாயம். மணி அடித்தால் லாயத்தின் கதவு திறக்கும், பழகிய குதிரைகள் தாமாகவே நடந்துவந்து வண்டிக்கு முன்னால் நிற்கும். சேணம் முழுதும் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு இழுப்பு, அது குதிரையின் முதுகில் விழும். கழுத்துப்பட்டை கீல் வைத்துத் திறந்திருக்கும், சட்டென்று பூட்டினால் வேலை முடிந்தது. பழைய நிலையங்களின் கூரையில் இப்போதும் சில சமயம் கப்பிகளின் தடம் தெரியும். எதற்கென்று தெரியாமல் வெள்ளையடித்து வைத்திருப்பார்கள்.

மாடியில் வைக்கோலும், தூங்கும் ஆட்களும். படிக்கட்டு பெரும்பாலும் சுருள் படி. குதிரைகள் மேலே சமைக்கும் வாசனைக்குப் படியேறிவிடும், ஏறினால் இறக்குவது பெரும்பாடு, அதனால்தான் சுருள் படி என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இடம் மிச்சம் என்பதும் காரணமாக இருந்திருக்கும். ஆனால் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு நாலைந்து பேர் சுருள் படியில் ஓடி இறங்குவது எப்படி இருக்கும்? 1878-இல் சிகாகோவின் 21-ஆம் குழுவில் அதற்கு விடை கிடைத்தது. அது கறுப்பின வீரர்களின் குழு. வைக்கோலை வண்டியில் கட்டிவரப் பயன்படும் நீளக் கழியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேலேயிருந்து சறுக்கி இறங்கியதைப் பார்த்து, குழுவின் தலைவர் டேவிட் கெனியன் தரையில் ஓட்டை போட்டு மரக் கம்பம் நிறுத்த அனுமதி வாங்கினார். மற்ற குழுக்கள் முதலில் சிரித்தனவாம். இந்தக் குழு மற்றவர்களுக்கு முன்னால் தீக்குப் போய்ச் சேர்ந்ததும் சிரிப்பு நின்றது. 1880-இல் பாஸ்டன் பித்தளைக் கம்பம் வைத்தது, சிராய்ப்புத் தொல்லை தீர்ந்தது. ஆக அந்தப் புகழ்பெற்ற சறுக்குக் கம்பத்துக்கு மூலம் வைக்கோல்தான். குதிரை இல்லையென்றால் மாடியில் வைக்கோல் இல்லை, அந்தக் கழியும் அங்கே இருந்திருக்காது.

குதிரையை நம்பிக் கட்டிய வீட்டுக்கு என்ன ஆபத்து என்பது 1872-இல் தெரிந்தது. அந்த வருஷம் வட அமெரிக்கா முழுக்கக் குதிரைகளுக்குக் காய்ச்சல். நவம்பர் 9-ஆம் தேதி பாஸ்டனின் வணிகப் பகுதி பற்றி எரிந்தபோது நிலையத்துக் குதிரைகள் நிற்கவே தெம்பில்லாமல் இருந்தன. ஆட்களே கயிறு கட்டி வண்டிகளை இழுத்துப் போனார்கள்.

பிறகு மோட்டார். லண்டனில் தீயணைப்புக் குதிரைகள் 1921-இல் ஓய்வு பெற்றன, நியூயார்க்கில் 1922 டிசம்பரில். கட்டிடங்களை என்ன செய்வது? பெரிய நகரங்கள் புதிதாகக் கட்டின. சிறு நகரங்களுக்கு அந்த வசதி இல்லை. லாயத்தை உடைத்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளின, சாணி ஊறிய மரத்தரையைப் பெயர்த்துச் சிமென்ட் போட்டன. தரைக்குக் கீழே அடுப்பறை இருந்த இடங்களில் பிரச்சினை பெரிசு. 3, 4 டன்னுக்குப் போட்ட உத்தரம் அது. தண்ணீர் நிரப்பிய இன்றைய வண்டி 15, 20 டன் வரும். தரைக்கடியில் முழுக்க இரும்புத் தூண்களை முட்டுக் கொடுத்து வைத்திருக்கும் பழைய நிலையங்கள் அதனால்தான்.

குதிரை போனதில் ஒரு விடுதலையும் இருந்தது. வைக்கோலுக்கு மாடி தேவையில்லை, வாசனைக்கு அஞ்சி அக்கம்பக்கத்தார் சண்டை போடவேண்டியதில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்ட் போன்ற ஊர்களில் வீடுகளுக்கு நடுவே, சரிவான கூரையும் திண்ணையுமாக, வீடு மாதிரியே ஒற்றைத் தள நிலையங்களைக் கட்டினார்கள். வாசல் கதவைத் தவிர வேறு எதிலும் அது தீயணைப்பு நிலையம் என்று தெரியாது. ஒற்றைத் தளத்துக்குச் சறுக்குக் கம்பமும் வேண்டாம்.

வேகமும் தூரத்தின் அர்த்தத்தை மாற்றியது. நிலையம் எங்கே இருக்கவேண்டும் என்பதைக் காப்பீட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்தது. அமெரிக்காவில் காப்பீட்டுத் தர மதிப்பீட்டின்படி, பம்ப் வண்டி நிற்கும் நிலையத்திலிருந்து ஒன்றரை மைல் சாலைத் தூரம் நல்ல எல்லை. 5 மைலைத் தாண்டினால் வீடு கடைசித் தரத்துக்குப் போய்விடும், பிரீமியம் ஏறும். நகரம் விரிய விரிய, கடைத்தெருவில் நிற்கும் பழைய நிலையம் வரைபடத்தில் ஒரு ஓரமாகிவிடுகிறது. பிரிட்டனில் போர்க்காலத்தில் தேசிய அளவில் இணைத்த தீயணைப்புப் பணி 1948-இல் மாவட்டங்களிடம் திரும்பியது. அதற்குப் பிறகு அங்கே எழுந்த நிலையங்கள் ஏறக்குறைய ஒரே அச்சு. பின்னால் பெரிய முற்றம், அதில் பயிற்சிக் கோபுரம், முன்னால் வரிசையாக மடிப்புக் கதவுகள். அழகு குறைவு, உபயோகம் அதிகம்.

அழகையும் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சுமார் 50,000 பேர் வாழும் கொலம்பஸ். அங்கே டீசல் இன்ஜின் செய்யும் கம்மின்ஸ் நிறுவனத்தின் அறக்கட்டளை, தான் தரும் பட்டியலிலிருந்து கட்டிடக்கலைஞரைத் தேர்ந்தெடுத்தால் அவருடைய கட்டணத்தைக் கொடுத்துவிடுவதாக 1950-களில் ஏற்பாடு செய்தது. பள்ளிகளில் ஆரம்பித்துத் தீயணைப்பு நிலையங்கள் வரை வந்தது. 1960-களின் பிற்பகுதியில் 4-ஆம் எண் நிலையத்தை வடிவமைத்தவர் ராபர்ட் வென்டூரி. வெள்ளைப் பளபளப்புச் செங்கல்லும் சிவப்புச் செங்கல்லுமாக ஒரு சாதாரணப் பெட்டி, நடுவில் வளைந்த கோபுரம், அதன் மேல் தூரத்திலிருந்து தெரியும்படி பெரிய 4. மணிக்கூண்டு வேஷமெல்லாம் இல்லை. ஹோஸ் காயவைக்கும் கோபுரம் தன்னை அறிவிப்புப் பலகையாகவும் ஆக்கிக்கொண்டது. இருபது வருஷம் கழித்து, 1987-இல், 5-ஆம் எண் நிலையத்தைச் செய்த சூசனா டோரேயின் கவலை முகப்பைவிட உள்ளே இருந்தது. பெண்களும் வேலைக்கு வருகிறார்கள், எல்லோரையும் ஒரே கூடத்தில் வரிசைக் கட்டிலில் படுக்கவைக்க முடியாது. கூடத்தைத் தனி அறைகளாகப் பிரித்தார். குதிரைக் காலத்தில் வைக்கோலுக்குப் பக்கத்தில் கட்டில் போட்ட அந்தப் பொது அறை, வண்டி மாறியும் அறுபது வருஷத்துக்கு மேல் மாறாமலே இருந்தது என்பது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

இதற்கு எதிர்ப்புறம் ஜெர்மனியின் வைல் அம் ரைன். 1981-இல் அங்குள்ள விட்ரா அறைகலன் தொழிற்சாலை எரிந்தது. ஆலைக்கெனச் சொந்தமாகத் தீயணைப்பு நிலையம் கட்டக் கட்டிடக்கலைஞர் ஸாஹா ஹதீதைக் கூப்பிட்டார்கள். 1993-இல் முடிந்த அந்தக் கான்கிரீட் கட்டிடம் அவர் வரைந்து நிஜமாகக் கட்டி முடித்த முதல் பெரிய வேலைகளில் ஒன்று. கத்தி முனை மாதிரிச் சாய்ந்த சுவர்கள், பறக்கத் தயாராக நிற்கும் கூரை. சில வருஷங்களிலேயே அது தீயணைப்பு வேலையிலிருந்து விலகிக் கண்காட்சி இடமாகிவிட்டது. என் கணக்கில் அது வண்டியை மறந்து கட்டிய வீடு, ஆனால் போய்ப் பார்க்கிறவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இன்றைய நிலையத்தை மாற்றிக்கொண்டிருப்பது புகை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. 2022-இல் தீயணைப்பு வேலையையே அதே பிரிவில் சேர்த்தது. சுருள் படியும் கம்பமும் வைத்து ஆளை வண்டிக்கு நெருக்கமாகக் கொண்டுவந்த வீட்டில், அந்த நெருக்கமே பிரச்சினையாயிற்று. தரையில் ஓட்டை இருந்தால் கீழே ஸ்டார்ட் ஆகும் வண்டியின் புகை நேராகக் கட்டிலுக்குப் போகும். வண்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிய மேலங்கியில் தீயில் ஒட்டிய கரி அப்படியே இருக்கும். முன்பு அழுக்கான மேலங்கி பெருமைக்குரியது. இப்போது புது நிலையத்தில் அதற்குத் தனி அறை, தனிக் காற்றோட்டம், தனிச் சலவை இயந்திரம். வண்டியின் புகைக்குழாயில் மேலேயிருந்து தொங்கும் ஒரு குழாயை மாட்டிவைப்பார்கள். அது புகையை உறிஞ்சிக் கூரைக்கு வெளியே தள்ளும், வண்டி வாசலைத் தாண்டும்போது தானாகக் கழன்றுகொள்ளும். 1880-இல் கூரையிலிருந்து சேணம் தொங்கிய அதே இடம்.

திட்டம் போடுகிறவர்கள் கட்டிடத்தை மூன்று மண்டலமாகப் பிரிக்கிறார்கள். அழுக்கு, இடைநிலை, சுத்தம். வண்டி நிற்கும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சின்ன அறை, அதற்கு இரண்டு கதவு, ஒன்று மூடிய பிறகே மற்றொன்றைத் திறக்கவேண்டும். அங்கே ஒரு பெஞ்சு, பூட்ஸ் கழற்றி வைக்க அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி. மணி அடித்தால் தூங்கியவர் எழுந்து இரண்டு கதவையும் தாண்டி, சுற்றிக்கொண்டு வண்டிக்கு வரவேண்டும். கம்பத்தில் சறுக்கி மிச்சம் பிடித்த நொடிகளில் சிலவற்றை அந்த இரண்டு கதவுகளுக்கு இடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.